மிளகாய்த் தோட்டத்து வாக்கு: வன்னியும் முதலாவது ஜனாதிபதித் தேர்தலும்

இலங்கையின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்ரோபர் 20ஆம் திகதி நடைபெற்றபோது வன்னிப் பெருநிலப்பரப்பு முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டத்துக்குள் இருக்கவில்லை என்பது எளிதில் மறந்துபோகிற செய்தி. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாக அமைய, இரணைமடுக் குளத்து நீரால் வாழும் கிளிநொச்சித் தொகுதி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டிருந்தது. 1984இல் கிளிநொச்சி தனி நிருவாக மாவட்டமாகப் பிரிந்த பின்னரும் தேர்தல் கணக்கில் அது யாழ்ப்பாணத்தோடுதான் நிற்கிறது. ஆகவே அத்தேர்தலில் வன்னி என்ன சொன்னது என்று அறிய விரும்புவோர் இரண்டு அட்டவணைகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் படித்தாலும், அவ்விரண்டு அட்டவணைகளிலும் எந்த நிரலிலும் இடம்பெறாத ஒரு கூட்டம் அந்நிலத்தில் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தது.

நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி, அதாவது பாராளுமன்றத்தின் நம்பிக்கையில் தங்கியிராமல் மக்களால் நேரடியாகத் தெரிவாகி அரசாங்கத்தை நடத்தும் தலைவர் என்ற யோசனையை ஜே. ஆர். ஜயவர்த்தன 1966இலேயே ஓர் அறிவியற் கழகக் கூட்டத்தில் முன்வைத்திருந்தார். 1977 பொதுத்தேர்தலில் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வென்ற பின் அந்த யோசனை சட்டமாயிற்று. பிரதமராக இருந்தவரே ஜனாதிபதியாகத் தெரிவானவராகக் கருதப்படுவார் என்ற ஏற்பாட்டின் கீழ் 1978 பெப்ரவரி 4ஆம் திகதி அவர் பதவியேற்றார். எவருடைய வாக்கும் அதற்குத் தேவைப்படவில்லை. நான்கரை ஆண்டுகள் கழித்து, முதற் பதவிக்காலம் முடியும் முன்னரே தேர்தலை நடத்த இடமளிக்கும் மூன்றாவது திருத்தம் 1982 ஓகஸ்ட்டில் நிறைவேறியது. எதிர்த்து நிற்கக்கூடிய பலம் வாய்ந்தவரான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980 ஒக்ரோபரில் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டிருந்தமையால், சிறீலங்கா சுதந்திரக் கட்சி முன்னாள் விவசாய, காணி அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியது. போட்டியாளரை முதலில் அகற்றிவிட்டுப் பிறகு போட்டியை அறிவிப்பது புதிய உத்தி அன்று. ஐக்கிய அமெரிக்காவின் 1800ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் ஜோன் அடம்ஸ் அரசாங்கம் இராசத்துரோகச் சட்டத்தைக் கொண்டு எதிரணிப் பத்திரிகையாசிரியர்களைச் சிறைக்கு அனுப்பியது. ஆயினும் அங்கே தோமஸ் ஜெபர்சன் போட்டியில் நிற்கத் தடையிருக்கவில்லை என்பதையும், அவர் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த 1800ஆம் ஆண்டுத் தேர்தல் வாக்குச் சீட்டின் அமைப்பினாலேயே சிக்கலில் விழுந்தது. அமெரிக்க யாப்பின்படி ஜனாதிபதியை மக்கள் நேராகத் தெரிவுசெய்வதில்லை. ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கும் தேர்வாளர்கள் தெரிவுசெய்வர். அன்றிருந்த 16 மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் அத்தேர்வாளர்களைக்கூட மக்கள் அல்ல, மாநிலச் சட்டசபைகளே நியமித்தன. ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு பெயர்களை எழுத வேண்டும், ஆனால் எவர் தலைவர், எவர் துணைத் தலைவர் என்று குறிக்க முடியாது என்பது விதி. கட்சி ஒழுங்கு பிசகாமல் ஜெபர்சன் கட்சியின் தேர்வாளர் எல்லோரும் அவரையும் அவருடைய கூட்டாளி ஆரன் பேரையும் எழுதியதால் இருவருக்கும் தலா 73 கிடைத்தது, அடம்ஸுக்கு 65. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போய், 36ஆவது முறை வாக்கெடுத்த பின்னரே 1801 பெப்ரவரி 17ஆம் திகதி ஜெபர்சன் தெரிவானார். 1804இல் பன்னிரண்டாவது திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பு இத்தகைய இழுபறிக்கு முன்கூட்டியே மருந்து வைத்திருந்தது: வாக்காளர் முதல் விருப்பை 1 என்றும், விரும்பினால் அடுத்த இரண்டை 2, 3 என்றும் எண்ணால் குறிக்கலாம், எவரும் அரைவாசிக்கு மேல் பெறாவிட்டால் முதலிருவரைத் தவிர்ந்தோரின் சீட்டுகளிலுள்ள அடுத்த விருப்புகள் எண்ணப்படும். 2024ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்படவில்லை.

புதிய பதவியை ஆதரித்தோர் கூறிய நியாயங்களுள் ஒன்று சிறுபான்மையினரைப் பற்றியது. நாடு முழுவதும் ஒரே தொகுதியாகிவிடுவதால், அரைவாசிக்கு மேல் வாக்குத் தேடும் எந்த வேட்பாளரும் தமிழ், முஸ்லிம் வாக்காளர்களைப் புறக்கணிக்க முடியாது என்றார்கள். 1982இன் எண்கள் அந்த நியாயத்துக்குத் துணைநிற்கவில்லை. ஜயவர்த்தன நாடளாவிய ரீதியில் 3,450,811 வாக்குகளை, அதாவது 52.9 சதவீதத்தைப் பெற்றார். கொப்பேகடுவ 39 சதவீதத்தைப் பெற்றார். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் வன்னியிலும் ஜயவர்த்தனவுக்கு விழுந்த வாக்குகள் அத்தனையையும் அவருடைய எதிரிகளுக்குத் தூக்கிக் கொடுத்துப் பார்த்தாலும் அவர் அரைவாசிக் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறார். முந்திய பாராளுமன்ற முறையில் வன்னிக்கு வேறொரு கனம் இருந்தது. சோல்பரி யாப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு ஒவ்வோர் ஆயிரம் சதுர மைல் பரப்புக்கும் ஓர் ஆசனத்தை மாகாணத்துக்கு வழங்கியிருந்தது. ஆள் குறைந்து காடு நிறைந்த வவுனியாவும் மன்னாரும் 1947இலேயே தனித் தொகுதிகளாகியதற்கு அதுவே வழிசெய்தது. ஜனாதிபதித் தேர்தலில் காட்டுக்குக் கணக்கில்லை.

தமிழர் விடுதலைக் கூட்டணி அத்தேர்தலில் போட்டியிடவுமில்லை, எவரையும் ஆதரிக்கவுமில்லை. ஆயுதமேந்திய இளைஞர் இயக்கங்கள் புறக்கணிக்கச் சொன்னன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவுபெற்றோரில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தனர். அங்கே அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் ஏறத்தாழ 40 சதவீதத்தோடு முதலிடம் பெற்றதில் வியப்பேதும் இல்லை. வியப்புக்குரியது இரண்டாமிடம்: தனிச்சிங்களச் சட்டத்தின் கட்சி, 1972ஆம் ஆண்டு யாப்பின் கட்சி, பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்த கட்சி நிறுத்திய கொப்பேகடுவ, 77,000க்கும் மேற்பட்ட வாக்குகளோடு 35 சதவீதத்தைப் பெற்று ஜயவர்த்தனவை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார். வன்னித் தேர்தல் மாவட்டத்திலோ ஜயவர்த்தன 46 சதவீதமளவிலும், கொப்பேகடுவ 33 சதவீதமளவிலும், பொன்னம்பலம் 16 சதவீதமளவிலும் பெற்றனர். இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர்தான் வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி ஆகிய நான்கு தொகுதிகளும் தமிழீழக் கோரிக்கையை முன்வைத்த கூட்டணியின் வேட்பாளர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தன.

இந்த மாற்றத்தை மனமாற்றம் என்று கொள்வது அவசரம். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வவுனியா தெற்கின் சிங்களக் கிராமங்களும் மன்னாரின் முஸ்லிம் கிராமங்களும் அடங்கும். கூட்டணிக்கு 1977இல் வாக்களித்தோரில் பலர் இம்முறை வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆயினும் மூன்றில் ஒரு பங்கு வாக்கு ஒரு சிங்களக் கட்சியின் முன்னாள் விவசாய அமைச்சருக்குப் போனதற்கு இன அடையாளம் மட்டும் விளக்கமாகாது. விளக்கம் மேட்டுக்காணியில் கிடக்கிறது.

1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி வரண்டுபோனதால் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, ஈற்றில் பெருமளவுக்கு நிறுத்தியது. கொழும்பின் நுகர்வோருக்கு அது தட்டுப்பாட்டுக் காலம். வட பகுதித் தோட்டக்காரருக்கோ வாழ்வு வந்த காலம். அதற்கு முன்பே விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டம் என்ற பெயரில், பாடசாலைப் படிப்பை முடித்தும் உத்தியோகம் கிடைக்காதிருந்த இளைஞர்களுக்குக் காடு வெட்டிக் காணி கொடுக்கப்பட்டிருந்தது. நீரை மேலேற்றி இறைத்துப் பாய்ச்சும் அக்காணிகளில் நெல்லைவிட மிளகாய்க்கு வாய்ப்பு அதிகம். மேடையில் நாற்றுப் போட்டுப் பிடுங்கி நட்டு, பாத்தி பாத்தியாக நீர் கட்டி, பழம் சிவக்கச் சிவக்கப் பல தடவை ஆய்ந்து, நிறம் ஒன்றுபோல் ஏறும்வரை குவித்து வைத்து, பிறகு பாயிலும் சாக்கிலும் பரப்பிக் காயவைக்க வேண்டும். காயும் நாட்களில் ஒரு மழை பிடித்தால் தோல் வெளுத்து விலை விழுந்துவிடும். அப்படிக் காய்ந்த செத்தல் அந்தர்க் கணக்கில் சாக்குகளில் அடைத்து லொறியேறி, கொழும்புப் புறக்கோட்டையின் நான்காம் குறுக்குத்தெருவுக்குப் போனது. இறக்குமதி இல்லாத அந்த ஆண்டுகளில் அத்தெரு வடக்கின் சாக்குகளை எதிர்பார்த்திருந்தது. திரும்பி வந்த காசில் கல்வீடுகள் எழுந்தன, இறைப்பு இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் வந்தன, காணியற்ற குடும்பங்கள் குடாநாட்டிலிருந்து குத்தகைக்குத் தோட்டம் தேடி வன்னிக்கு இறங்கின.

1977இல் ஜயவர்த்தன திறந்த பொருளாதாரத்தை அறிவித்து இறக்குமதிக் கதவைத் திறந்தார். வெளியூர்ச் செத்தலும் வெங்காயமும் மலிவாக வந்திறங்க, தோட்டக்காரரின் கணக்கு தலைகீழாயிற்று. 1982இல் கொப்பேகடுவவின் பெயருக்கு எதிரே 1 என்று எழுதிய கைகளில் பல இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே எழுதின என்று கொள்வதற்கு இடமுண்டு. தேசியப் பிரச்சினை பற்றி அவர் தமிழருக்கு உறுதியாக எதையும் கொடுக்கவில்லை. மிளகாய்க்கு விலை வரும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தார். உரிமையைக் கேட்டு ஒரு வாக்கும் விலையைக் கேட்டு ஒரு வாக்கும் போட முடியாத தேர்தலில், விலையைத் தெரிவுசெய்தோரை உணர்ச்சியற்றவர்கள் என்று யாழ்ப்பாணத்து அரசியல் மேடைகள் ஏளனம் செய்வது எளிதாக இருந்திருக்கலாம். ஆனால் கடன்பட்டு இறைப்பு இயந்திரம் வாங்கியவர் முதலில் செத்தலின் விலையைத்தான் கேட்பார். 1807இல் ஜெபர்சன் அரசாங்கம் வெளிநாட்டு வணிகத்தை அடியோடு தடைசெய்தபோது நியூ இங்கிலாந்தின் துறைமுக நகரங்கள் அவருடைய கட்சியை வெறுத்து மறுபுறம் சாய்ந்ததும், அதே தடையினால் உள்நாட்டு நூல் ஆலைகள் பெருகியதும் இதே வகையான கணக்குத்தான்.

ஜெபர்சனைப் பற்றி மேலும் ஒரு கணக்கு உண்டு. வன்னியின் அட்டவணைகளில் இல்லாதவர்களிடம் அதுவே இட்டுச்செல்கிறது. அமெரிக்க யாப்பு மாநிலங்களின் ஆசனங்களையும், அதன் வழியாகத் தேர்வாளர் எண்ணிக்கையையும் நிர்ணயிக்கும்போது அடிமைகளை ஐவருக்கு மூவராகக் கணக்கில் சேர்த்தது. வாக்கில்லாத அடிமைகளின் தலைகள் அவர்களை உடைமையாக வைத்திருந்தோரின் மாநிலங்களுக்குக் கூடுதல் தேர்வாளர்களைப் பெற்றுக்கொடுத்தன. அந்தக் கூடுதலைக் கழித்தால் 1800இல் அடம்ஸ் வென்றிருப்பார் என்று வரலாற்றாசிரியர் பலர் கணித்திருக்கின்றனர். உழவரே குடியரசின் உறுதியான அடித்தளம் என்று எழுதிய ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய உழவர் என்ற சொல்லுக்குள் அவருடைய வயலை உழுதவர்கள் அடங்கவில்லை.

இலங்கையில் இதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு மலையகத்தில் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமும், தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கி வாக்கையும் பறித்தன. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது தலைக்கணக்கில் அவர்கள் எண்ணப்பட்டார்கள். 1959ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயமும் மொத்தச் சனத்தொகையைக் கொண்டே செய்யப்பட்டது. அதன் பயனாகக் கண்டி, நுவரெலியாப் பகுதிகளின் சிங்கள வாக்காளர் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய ஆசனங்களைப் பெற்றனர். அங்கே ஐவருக்கு மூவர். இங்கே ஐவருக்கு ஐவரும் எண்ணப்பட்டு, பயன் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

இந்தச் சட்டங்களோடு வன்னிக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1947இல் வவுனியாவில் சுயேச்சையாக வென்று டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராயிருந்த கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம், 1948 டிசெம்பரில் இரண்டாவது மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது வாக்களியாது வெளியேறி, அதன் விளைவாகப் பதவியைத் துறந்தார். மனிதர் பல விடயங்களில் பிடிவாதக்காரர். பிற்காலத்தில் மாவிட்டபுரம் கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைவதை எதிர்த்து நின்ற களங்கமும் அவருக்கு உண்டு. ஆயினும் அந்த ஒரு நாளில் வவுனியாவின் பிரதிநிதி செய்ததை அமைச்சரவையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் செய்யவில்லை. அவர் மசோதாவை ஆதரித்தார். அதனால் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1982இல் தமிழர் சார்பில் ஜனாதிபதிப் பதவிக்கு நின்ற குமார் பொன்னம்பலம் அவருடைய மகன்.

மலையகத்தில் வாக்கிழந்தவர்கள் மலையகத்திலேயே இருக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களைப் பசி வாட்டியது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பல தோட்டங்கள் கைமாறி வேலை குறைந்தது. 1977 ஓகஸ்ட் வன்செயல் பலரை ஒரே இரவில் ஏதிலிகளாக்கியது. வவுனியாவின் எல்லையோரங்களிலும், கிளிநொச்சியின் குடியேற்றங்களைச் சுற்றிய ஒதுக்குக் காடுகளிலும் குடிசைகள் பெருகின. 1976இல் வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் தொடக்கிய காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் காணி காட்டி, கிணறு வெட்டி, பாலர் பாடசாலை நடத்தியது. அவர்களுள் கணிசமானோருக்குப் பிழைப்பு கூலி வேலை. மிளகாய் ஆய்வதும் காயவைப்பதும் அந்தக் கூலியில் அடங்கும். காணிச் சீர்திருத்தத்தைச் செய்த அமைச்சரும் இறக்குமதியை நிறுத்திய அரசாங்கத்தின் விவசாய அமைச்சரும் கொப்பேகடுவ ஒருவரே என்பதை நினைத்தால், அவருடைய ஒரு கை மலையில் வேலையைக் குறைத்தது, மற்றக் கை சமவெளியில் வேலையைப் பெருக்கியது என்று சொல்லலாம். மிளகாய்த் தோட்டச் சொந்தக்காரர் 1982இல் அவருக்கு நன்றிக்கடனாக வாக்களித்திருக்கலாம். அதே தோட்டத்தில் பழம் ஆய்ந்த பெண்ணுக்கு நன்றி சொல்லவோ வசை சொல்லவோ சீட்டு இருக்கவில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பு ஆசனங்களைச் சனத்தொகையால் அல்லாமல் பதிவுபெற்ற வாக்காளர் தொகையால் பகிரத் தொடங்கியிருந்ததால், இப்போது அவள் பிறருக்கு ஆசனம் பெற்றுக்கொடுக்கும் தலையாகக்கூட எண்ணப்படவில்லை.

தேர்தல் முடிந்து இரண்டு மாதங்களில், 1982 டிசெம்பர் 22ஆம் திகதி, பொதுத்தேர்தலை நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீட்டுவதற்கு மக்களின் சம்மதம் கோரும் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது, நாடு 54.7 சதவீதத்தால் சம்மதித்தது, கிளிநொச்சியை உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வாக்குகளால் மறுத்தது. 1983 ஏப்ரலில் காந்தீயத்தின் தலைவர்கள் கைதாகினர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் மாண்டார்.

ஜனாதிபதி முறை சிறுபான்மையினரின் வாக்கை மதிப்புள்ளதாக்கும் என்ற வாதம் 1988இல் ஒரு தடவை மெய்யானது என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். அவ்வாண்டு டிசெம்பர்த் தேர்தலுக்குச் சற்று முன், இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்காத நாடற்றோருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் அவசரமாக நிறைவேறியது. சௌமியமூர்த்தி தொண்டமானின் பேரம் பலித்தது. மலையகத்து வாக்கு ரணசிங்க பிரேமதாசவுக்குப் பயன்பட்டது. வன்னியிலோ இந்திய அமைதிப்படையின் யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த மாதத்தில் வாக்களித்தோர் மிகச் சிலரே. அதோடு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் பெற்றோர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தும், தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பற் சேவை 1984இல் நின்றதால் போக முடியாமற் போன குடும்பங்கள் அந்தச் சட்டத்துக்கும் வெளியிலேயே நின்றன. அவர்களுக்கான சட்டம் 2003இல் வந்தது. அதற்கு அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2005 நவம்பர் 17ஆம் திகதி நடந்தது. விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குட்பட்ட வன்னியில் வாக்குச் சாவடிகள் அமைக்கப்படவில்லை. இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியின் ஓரத்தில் கொத்தாக அமைக்கப்பட்ட சாவடிகளுக்குக் கடந்துபோக வேண்டும். தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லை என்ற அறிவிப்பு வந்திருந்தது, மக்கள் போகவில்லை. மகிந்த ராஜபக்ச 180,786 வாக்குகளால் வென்றார். நாடளாவிய முடிவையே மாற்றக்கூடிய கனம் வடக்கின் வாக்குகளுக்கு வாய்த்த அந்தத் தேர்தலில், மூன்று தலைமுறையாக வாக்கற்றிருந்து புதிதாகப் பிரசாவுரிமை பெற்ற வன்னிக் கூலிக் குடும்பங்களும் மற்றெல்லோரையும் போலவே வீட்டில் இருந்தன.